ஜூபா என்றே கூப்பிடு

பெங்காசி
1975 ஜனவரி 9

அன்புள்ள இன்ஷிராஹ்,

இதை நீ படிக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் முதலில் அவர் கைக்கு என் முத்தம். அவர் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பிரம்பை ஊறவைக்கிற தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

இங்கே மழை. புதுக் குடியிருப்புகளுக்குக் கதவு நிலை செய்துகொண்டிருக்கிறோம். பட்டறைக் கூரை ஒழுகுகிறது. மரம் நனைந்தால் மேஸ்திரி எங்களைத் திட்டுகிறார், கூரையைத் திட்டுவதில்லை. சாப்பாடு ஏதோ ஓடுகிறது.

வயிறு இருக்கிற வாகைப் பார்த்தால் பெண் என்று மருத்துவச்சி சொன்னதாக எழுதியிருந்தாய். பையனாக இருந்தால் அப்பாவே ஒரு பெயர் வைக்கட்டும். பெண்ணாக இருந்தால் ஜைனப். அதில் பேச்சுக்கு இடம் வைக்காதே. வெளிநாடு கிளம்புமுன் கெய்ரோவில் செய்யிதா ஜைனப் பள்ளிவாசலில் அடக்கத்தைச் சுற்றிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டேன். வேலை கிடைத்து, குழந்தையும் கைகால் சுகத்தோடு பிறந்தால் உன் பெயரையே வைக்கிறேன் தாயே என்று. நேர்ச்சை நேர்ச்சைதான்.

இன்னொன்று. வீட்டில் கூப்பிட ஜூபா. ஜூஜூ வேண்டாம், அது மேடையில் ஆடுகிறவர்கள் வைத்துக்கொள்கிற பெயர். ஜன்னூபா வேண்டவே வேண்டாம், ரப்பர் செருப்புக்கு அதுதானே பெயர். ஜீஜீ என்று கெய்ரோவில் பூனையைக் கூப்பிடுகிறார்கள். ஜூபா என்றே கூப்பிடு. இப்போதே வயிற்றைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொள்.

நான் எடுத்துக்கொண்ட படம் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன்.

ரஜப்


தமியெத்தா
1975 ஜனவரி 26

அன்புள்ள ரஜபுக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல அஸர் தொழுகை முடிந்ததும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கூரை ஒழுகுகிறது வரை நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஜைனப் என்று படித்தேன். தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பிரம்பு ஊறிக்கிட்டிருக்கு" என்று எழுந்து போய்விட்டார். பிரம்பு எதுவும் ஊறவில்லை. இருந்த நான்கு நாற்காலியையும் காலையிலேயே பின்னி முடித்துவிட்டார். அவருக்கும் இந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்குப் பிடிக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஜைனப் நல்ல பெயர்தான், நபிகளாரின் பேத்தி பெயரை யார் குறை சொல்வார்கள்? ஆனால் எங்கள் வகுப்பில் நான்கு ஜைனப் இருந்தார்கள். குண்டு ஜைனப், நெட்டை ஜைனப், தபால்காரர் மகள் ஜைனப், சும்மா ஜைனப். டீச்சர் பெயர் கூப்பிட்டால் நாலு பேரும் எழுந்து நிற்பார்கள். என் மகள் அப்படிக் கும்பலில் ஒருத்தியாக நிற்க வேண்டாம். எனக்கு மிர்வத் என்று வைக்க ஆசை. கீழ்வீட்டு இக்ராம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "ஜைனப்னா பித்தளை அண்டா மாதிரி. கனமா இருக்கும், காலத்துக்கும் இருக்கும், ஆனா யாரும் வரவேற்பறையில வைக்கமாட்டாங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

சிரித்து முடித்ததும் யோசித்தேன். கெய்ரோவுக்கு நாம் இரண்டு பேரும்தான் போனோம். பள்ளிவாசலுக்குள் போனவள் நான். நீங்கள் காலுறையில் ஓட்டை இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது என்று வாசலில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டீர்கள். எப்போது கம்பியைப் பிடித்தீர்கள்?

செல்லப் பெயரும் எனக்குப் புரியவில்லை. குழந்தை முகத்தைப் பார்த்து, அது சிணுங்குவதைக் கேட்டுத்தான் செல்லப் பெயர் வாயில் வரும். நீங்கள் அதற்கு முன்னாலேயே மூன்றைத் தள்ளி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறீர்கள். சட்டைக்கு என்ன நிறம் என்று கேட்டால்கூட "உன் இஷ்டம்" என்கிற ஆள் நீங்கள்.

படம் வந்தது. இளைக்கவில்லை. சட்டைக் காலர் கத்தியாக நிற்கிறது. அங்கே யார் இஸ்திரி போடுகிறார்கள்?

இன்ஷிராஹ்


பெங்காசி
1975 பிப்ரவரி 10

அன்புள்ள இன்ஷிராஹ்,

அப்பா கைக்கு என் முத்தம்.

செருப்புக் கணக்கெல்லாம் இத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறாயே. நீ வெளியே வந்து கடலை வாங்கப் போனாயே, அப்போது உள்ளே போனேன். காலுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன், போதுமா? காலரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே சலவைக்கடை இருக்கிறது.

உன் கடிதத்தில் பாதி இக்ராமின் குரல் கேட்கிறது. என் மகள் பெயருக்கு அவள் வீட்டில் பஞ்சாயத்து எதற்கு? நம் வீட்டுக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டுகிறாயா?

மிர்வத் மோசமில்லை. ஆனால் பத்து வருஷம் போனால் அது பழசாகிவிடும். ஜைனப் ஏற்கனவே பழசு, இனிமேல் பழசாகாது. ஜூபா என்பது சலவைக்காரிகளுக்கு வைக்கிற பெயர் என்று இங்கே ஒருவன் கேலி செய்தான், செய்துவிட்டுப் போகட்டும். எனக்கு நாக்கில் அதுதான் வருகிறது.

அப்பா எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் அதைப் பற்றி ஏதாவது பேசினாரா? முகம் எப்படி இருந்தது? கோபமா, வேறு ஏதாவதா? ஒன்றும் விடாமல் எழுது. ஆனால் இதைப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடு.

மரச் செதுக்கு வேலை பார்க்கிற ஃபத்ஹி விடுப்பில் வருகிறான். குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு குடும்பத்தார் பின்னிக் கொடுத்தார்கள். ஃபத்ஹிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

ரஜப்


தமியெத்தா
1975 பிப்ரவரி 27

ரஜப்,

இந்தக் கடிதத்தை நான் மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் கேட்கிற கடிதத்தில் உனக்கு "நீங்கள்". இது உனக்கும் எனக்கும் நடுவில் உள்ளது, இதில் நீ வெறும் "நீ"தான்.

ஃபத்ஹி வந்தான். நீ முன்கூட்டியே அவன் வாயை அடைக்கப் பார்த்தாயே, அதனாலேயே இரண்டாவது கிளாஸ் தேநீர் கொடுத்து, அத்திப்பழ ஜாம் வைத்து உட்கார வைத்தேன். "அண்ணனுக்கு என்னக்கா குறைச்சல், வெள்ளிக்கிழமையானா ஜூபா வீட்டுலதான் சாப்பாடு. அவங்க வைக்கிற முலூக்கியாக் கீரை மாதிரி நான் ஊருலயே சாப்பிட்டதில்ல" என்றான். எந்த ஜூபா என்று கேட்டேன். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டேன். எகிப்துக்காரிதானாம். புருஷன் லாரி ஓட்டினவனாம், செத்து இரண்டு வருஷம் ஆகிறதாம். உன் சட்டையும் அங்கேதான் துவைக்கப்படுகிறதாம். அண்ணனை மட்டும் சமையலறைக்குள் விடுவாங்க, எங்களையெல்லாம் கூடத்துலதான் உட்கார வைப்பாங்க என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மீதி ஜாமை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

சலவைக்கடை என்று எழுதினாயே. ஒரு குடும்பத்தார் பின்னினார்கள் என்று எழுதினாயே. ஒற்றை விதவை எப்போதிருந்து குடும்பத்தார் ஆனாள்?

ஸ்வெட்டரைப் பார்த்தேன். மஞ்சள் நூல், நல்ல நூல். கழுத்துப் பட்டி மட்டும் இத்தனை இறுக்கம், இரண்டு விரல் நுழையவில்லை. குழந்தை தலை அதற்குள் போகாது. பிள்ளை வளர்த்தவள் பின்னின கை இல்லை அது.

உன் வைப்பாட்டி பெயரை என் வயிற்றில் இருக்கிறதுக்கு வைக்கப் பார்க்கிறாய். அதுவும் அவளைக் கூப்பிடுகிற அதே செல்லப் பெயரோடு. நீ ஊருக்கு வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜூபா ஜூபா என்று கொஞ்சும்போது யாரை நினைத்துக்கொண்டிருப்பாய்? என்னால் இதைத் தாங்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை.

அங்கே நிக்காஹ் செய்துகொண்டிருந்தால் ஒரு வரியில் எழுதிவிடு. பதிலை இக்ராம் விலாசத்துக்கு அனுப்பு. அவள் பிரிக்கமாட்டாள்.

இன்ஷிராஹ்


பெங்காசி
1975 மார்ச் 14

இன்ஷிராஹ்,

இக்ராம் பிரிக்கமாட்டாள் என்று நீ நம்பு. நான் நம்பவில்லை. உறை ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டு ஒட்டியிருக்கிறேன், அது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படி.

நிக்காஹ் இல்லை. நீ நினைக்கிற எதுவும் இல்லை. இதைத் திரும்பத் திரும்ப எழுத என்னால் முடியும், நீ திரும்பத் திரும்ப நம்பமாட்டாய். அந்த அம்மாளுக்கு வயது முப்பத்தெட்டு. எனக்குச் சோறு போட அவளுக்கு ஒரு உரிமை இருக்கிறது. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எட்டு வயதில் குர்ஆன் மேல் கை வைத்து ஒரு சத்தியம் செய்தேன். அதை உடைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் வேறு. இந்தக் காகிதம் அப்பா கையில் சிக்கி, யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் உன்னையும் குழந்தையையும் நடுத்தெருவில் நிற்க வைக்கிற ஆள் அவர். வைக்கமாட்டார் என்று நீ சொல்வாய். உனக்கு அவரை மூன்று வருஷமாகத்தான் தெரியும்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன், நீ எழுதவே இல்லை. வேண்டுமென்றே விட்டாயா?

நான் ஊருக்கு வந்து நேரில் சொல்கிறேன். அதுவரை எனக்காக ஒன்றே ஒன்று செய். பெண்ணாக இருந்தால் ஜைனப் என்று வை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ரஜப்


தமியெத்தா
1975 ஏப்ரல் 4, வெள்ளி

ரஜப்,

மார்ச் 27 வியாழக்கிழமை காலையில் உனக்கு மகள் பிறந்தாள். சுகமாக இருக்கிறாள். மூக்கு உன்னுடையது, அவள் தலையெழுத்து.

உறை கிழியவில்லை. உள்ளேயும் ஒன்றும் இல்லை. உரிமை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சோறு போட உரிமை உள்ளவள் ஒருத்தி அங்கே, பிள்ளை பெற ஒருத்தி இங்கே. எட்டு வயதுப் பையன் செய்த சத்தியமாம். பொய் சொல்வது என்று ஆன பிறகு கொஞ்சம் நல்ல பொய்யாக யோசித்திருக்கலாம்.

புதன்கிழமை ஏழாம் நாள் விழா வைத்தோம். இப்போது நான் சொல்லப்போவதை உன் அப்பாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள், நீங்கள் இரண்டு பேரும் ஒன்றுதானே.

உன் நேர்ச்சையை மாமாவே எடுத்துப் பேசிவிட்டால் என்ன செய்வது என்று, பெயரை மெழுகுவத்திக்கு விட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். எது கடைசிவரை எரிகிறதோ அந்தப் பெயர், அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. மெழுகுவத்தி வாங்கி வந்தது இக்ராம். மிர்வத்துக்கு ஒன்று, கணக்குக்குச் சேர்த்த ஷிரீன் என்கிற பெயருக்கு ஒன்று, இரண்டும் ஒரு சாண் உயரம். ஜைனபுக்கு ஒரு குட்டை. அதையும் காலையில் அடுப்படியில் வைத்துப் பாதி எரித்துவிட்டு, அடியில் உப்பைக் குவித்து உயரமாகத் தெரிகிற மாதிரி தட்டில் நட்டேன். ஆமாம், தில்லுமுல்லுதான். உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

பெண்கள் கூடினார்கள். குழந்தையைச் சல்லடையில் வைத்து ஆட்டினார்கள், வழக்கப்படி நான் சல்லடையை ஏழு தடவை தாண்டினேன், இக்ராம் குழந்தை காதருகே பித்தளை உரலை இடித்து "அம்மா சொல்றதைக் கேளு, அப்பா சொல்றதைக் கேட்காதே" என்று கத்தினாள். அந்த வரி எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நான்தான் அதற்கு அழுதேன்.

ஆண்கள் அந்த நேரத்தில் உள்ளே வரமாட்டார்கள். உன் அப்பா வந்தார். கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து மெழுகுவத்தித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு எந்தப் பெயர் என்று இக்ராமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். குட்டை மெழுகுவத்தி உப்பைத் தொடப் போகிற நேரம். எழுந்தார். ஆற்றுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். "புழுக்கமா இருக்கு" என்றார். அன்றைக்குக் காலையில் குளிருது, போர்வை எடு என்று என்னிடம் கேட்டவர்.

திறந்துவிட்டு முக்காலிக்குத் திரும்பவில்லை. தட்டுக்குப் பக்கத்தில், காற்றுக்கும் அந்தக் குட்டைக்கும் நடுவே, ஜிப்பாக் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஷிரீன் முதலில் அணைந்தது. மிர்வத் இரண்டு தடவை படுத்து எழுந்து அணைந்தது. ஜைனப் ஒரு கொட்டைப்பாக்கு அளவு மெழுகில் நின்று எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இக்ராம் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அவர் ஏமாற்றினார் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் உப்பைக் கிளறிப் பார்ப்பார்கள்.

ஆக அவருக்கும் தெரியும். அப்பனும் மகனும் பேசிவைத்துக்கொண்டு பெங்காசிக்காரி பெயரை என் தலையில் கட்டுகிறீர்கள். பெயரைக் கேட்டு எழுந்து போனதெல்லாம் நாடகம்.

பிறந்து பதினைந்து நாளுக்குள் சுகாதார அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். அடுத்த வெள்ளி விடுமுறை, ஆகவே வியாழன்தான் கடைசி. மருத்துவச்சி கொடுத்த சீட்டை மாவு டின்னுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். அது இல்லாமல் யாரும் எதையும் பதிய முடியாது. புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே என் தம்பி போய் மிர்வத் என்று எழுதி வருவான். திரும்பி வருவதாக இல்லை.

ஃபத்ஹி நாளைக் காலை பஸ்ஸில் திரும்புகிறான். அவன் கையிலேயே கொடுக்கிறேன். அரக்கு வைத்திருக்கிறேன், நீயும் பார்த்துவிட்டுப் பிரி.

இன்ஷிராஹ்


தந்தி
பெங்காசி, 1975 ஏப்ரல் 8

பெயரை விட்டுக்கொடுத்தேன். மிர்வத் என்றே பதிவு செய். வீட்டை விட்டுப் போகாதே. ரஜப்.


தமியெத்தா
1975 ஏப்ரல் 11, வெள்ளி

அன்புள்ள ரஜபுக்கு,

மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் மறுபடியும் "நீங்கள்". ஆனால் இந்தத் தடவை எதையும் தாண்டிப் படிக்கப்போவதில்லை, எழுதுவதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உங்கள் தந்தி புதன்கிழமை வந்தது. நான் மாடியில் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மாமா வாசலில் தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். இத்தனை கெஞ்சிய மனுஷர் ஒரே வரியில் விட்டுக்கொடுக்கிறாரே, குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் நான் நினைத்தேன். மாமா மூட்டுவலியோடு படியேறி வந்தார்.

"எங்கம்மா போறே?"

சொன்னேன். மூன்று மாதமாக உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டினேன். உங்கள் மகனுக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள், அவள் பெயரும் ஜூபாதான், உங்களுக்குத் தெரியாதா, தெரிந்துதானே ஜன்னலைத் திறந்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, சட்டை, எல்லாம் சொன்னேன். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஸ்வெட்டர்கூட அவ பின்னினதுதான்" என்று சொல்லி அதை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். நிறத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நாற்காலி பின்னி முடித்ததும் தடவிப் பார்ப்பாரே, அப்படி வரிசை வரிசையாகக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எப்போ பின்னினது?"

"இந்த வருஷம்தான். பிப்ரவரியில வந்துச்சு."

"அப்போ உயிரோட இருக்கா" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "கை இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு. பிரம்பு பின்னும்போது நான்தான் இழு, இழுத்துப் பின்னுன்னு அவளைப் போட்டுப் படுத்தினேன்" என்றார். பிறகுதான் சொன்னார், ரஜபுக்கு ஒரு அக்கா உண்டும்மா, அவ பேரும் ஜைனப்தான் என்று.

முன்பு நீங்கள் குடியிருந்த போர்ட் சயீதில் நடந்ததையெல்லாம் சொன்னார். பட்டறைக் கூட்டாளி மகனுக்குப் பேசி முடித்திருந்ததும், அவள் லாரிக்காரனோடு பெங்காசிப் பக்கம் போனதும், எட்டு வயதில் உங்கள் கையைக் குர்ஆன் மேல் வைத்து இனி அவள் பெயரைச் சொல்வதில்லை என்று வாங்கின சத்தியமும். உங்கள் அம்மா இறந்தபோதுகூட அவளுக்குத் தகவல் அனுப்பவில்லையாம். அறுபத்தேழில் சண்டை வந்து ஊரைக் காலி செய்து இங்கே வந்தபோது, இந்தத் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது, அதுவே நிம்மதியாக இருந்தது என்றார். ஒரே பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டதாம்.

எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதற்காகவா இத்தனை நாள் நான் சோறு இறங்காமல் கிடந்தேன்? அப்படியே கேட்டேன். கேட்கட்டும் என்று இப்போதும் எழுதுகிறேன். உங்கள்மேலும் கோபம் தீரவில்லை. இக்ராமை நம்பாதீர்கள், ஃபத்ஹியை நம்பாதீர்கள். என்னையாவது நம்பி அக்கா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். "பத்தொம்பது வருஷம் கழிச்சு அந்தப் பேரை உன் வாயிலதாம்மா கேட்டேன். பேரை வைக்கச் சொல்றானே, செத்தவங்க பேரைத்தானே வைப்பாங்க, அங்க போய் விசாரிச்சிருக்கான், செத்துப்போயிட்டா போலன்னு நினைச்சேன். ஒவ்வொரு காயிதத்துலயும் அந்தப் பேரு இன்னொரு தடவை வருமான்னு உட்கார்ந்திருப்பேன். அன்னிக்கு அந்த மெழுகுவத்தி அணையப் போச்சு. என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல" என்றார். ஜனவரியிலிருந்து அவர் மகளை இழந்த துக்கத்தில் இருந்திருக்கிறார், ரஜப். அதே வீட்டில் நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உப்பைக் குவித்துவைத்ததை நானும் ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார். குட்டையும் நெட்டையும் தெரியாமலா ஐம்பது வருஷம் நாற்காலிக்கால் பார்த்தேன் என்று கேட்டார்.

மாவு டின்னில் கையை விட்டுச் சீட்டை எடுத்து, தட்டி, அவரிடம் கொடுத்தேன்.

"உன் புருஷன் மிர்வத்னு தந்தி அடிச்சிருக்கானே?"

"அது அவரு சொன்னது. ஆபீஸ்ல பேரைச் சொல்லப்போறது நீங்க, மாமா."

நாற்பது நாள் ஆகாமல் நான் வெளியே போகக்கூடாது என்று இக்ராம் அவருடன் போனாள். அவள் சொன்னதை எழுதுகிறேன். வியாழக்கிழமை கடைசி நாள், வராந்தா நிறையக் கூட்டம். குமாஸ்தா பெயரென்ன என்றார். மாமா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. "பேத்தி பேரு மறந்துபோச்சா ஹாஜியார்?" என்று குமாஸ்தா கேட்க, வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜைனப் என்று மெல்லச் சொன்னார். கூட்டத்தில் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார் குமாஸ்தா. சொன்னார். மூன்றாவது தடவை யாரும் கேட்காமலேயே சொன்னார், வராந்தா முழுக்கக் கேட்டதாம். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார், இக்ராம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவள் இதையெல்லாம் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் உங்களுக்கு எழுதிவைக்கிறேன்.

பித்தளை அண்டா என்று அவள் சொன்னதை அவளே திருப்பி வாங்கிக்கொண்டாள். நான் ஒன்றையும் திருப்பி வாங்கவில்லை. மிர்வத் நல்ல பெயர்தான். அடுத்தவளுக்கு வைப்பேன்.

மீதியை மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையாம். அவளுக்குத்தான். யாருக்கு என்று எழுத மாமா என்று கேட்டேன். "பேரைப் போட்டே எழுது" என்றார்.

ஜூபாவுக்கு. ஸ்வெட்டர் கழுத்து பத்தல. குழந்தைக்குத் தலை நுழையல. அளவு தெரியாம பின்னினா இப்படித்தான் ஆகும். நேர்ல வந்து தலையை அளந்து பார்த்துட்டு, அவிழ்த்துத் திரும்பப் பின்னு. குளிர்காலத்துக்குள்ள வா. இழுத்துப் பின்னாதே.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்கப்புறம், அவங்களும் வந்துட்டா வீட்டுக்குள்ள ரெண்டு ஜூபா, கூப்பிட்டா யாருன்னு தெரியாதே மாமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கட்டும்" என்றார்.

இன்ஷிராஹ்